முன்மாதிரி நோயாளி

"இதனால் குடும்பத்தார் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், தேர்வுத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் அப்பழுக்கற்ற சேவை புரிந்து ஓய்வு பெற்றவனும், இந்தக் குடியிருப்பின் உரிமையாளர் சங்கத் தலைவனுமாகிய எனக்கு, இரண்டு கண்களிலும் கிளாக்கோமா என்னும் நோய் இருப்பதாக மருத்துவ வட்டாரங்கள் தெரிவிக்கின்றன. இது குறித்து யாரும் பதற்றமடையத் தேவையில்லை. தக்க நடவடிக்கை எடுக்கப்படும்."

என் மாமனார் இதை ஒரு முழுத்தாளில் எழுதி, ஹாலில் நின்றபடி வாசித்தார். மாமியார், என் மனைவி, நான் ஆகிய மூவரும் சோபாவில் உட்கார்ந்து கேட்டோம். வாசித்து முடித்துத் தாளை நான்காக மடித்து, "ஏதாவது சந்தேகம் இருந்தா கேக்கலாம்" என்றார்.

"டீ புதுசா போடவா, இருக்கறதைச் சூடு பண்ணவா?" என்று கேட்டார் மாமியார்.

மாமனாரை ஊரே கண்ட்ரோலர் என்றுதான் சொல்லும். பரீட்சைகளை நடத்தும் துறையில் தலைமை அலுவலராக இருந்தவர். காலுறைக்குள் துண்டுச்சீட்டு வைத்திருந்தவனைப் பதினோரு வரிசைக்கு அப்பாலிருந்து பிடித்தவர் என்று ஒரு கதை உண்டு. கதையைச் சொல்வது அவரேதான். வருடங்கள் போகப் போக வரிசை கூடும். நான் மாப்பிள்ளையாக வந்தபோது எட்டாக இருந்தது. அப்படிப்பட்ட கண்ணுக்கு நோய் என்று ஒரு டாக்டர், அதுவும் அவரிடம் பரீட்சை எழுதித் தேறிய வயதில் இருக்கும் ஒரு பையன், சொல்லிவிட்டான். பொறுத்துக்கொள்வாரா?

டாக்டர் நல்லவிதமாகத்தான் விளக்கினார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிக் கிடக்கிறது. அது நரம்பை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறது. வலிக்காது, சிவக்காது. போன பார்வை திரும்பாது. தினமும் ஒரு சொட்டு மருந்து விட்டால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். இடது கண்ணில் அநேகமாக எல்லாம் போய்விட்டது. வலது கண்ணில் நடுவில் ஒரு ஜன்னல் அளவுக்கு இருக்கிறது.

அந்த ஜன்னல் வழியாகக் கண்ட்ரோலர் சுவரில் தொங்கிய அட்டையின் கடைசி வரியைக் கடகடவென்று படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். 'என்னமோ சொன்னானே இவன்' என்று அதற்கு அர்த்தம்.

மாமியாருக்கு நேர் எதிர். அவருக்கு விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போயிருந்தது. ஓரமெல்லாம் தெரியும். நடுவில் மட்டும் யாரோ ஈர விரலால் தேய்த்துவிட்ட மாதிரி ஒரு மங்கல். எதிரில் வருகிறவரின் செருப்பு தெரியும், முகம் தெரியாது. ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை கண்ணில் ஊசி போட்டுக்கொண்டு வருவார். ஒரு எழுத்துகூடப் படிக்க முடியாது. மாத்திரை அட்டை, மின்கட்டண ரசீது, பேத்தி அனுப்பும் வாழ்த்து அட்டை எல்லாவற்றையும் மாமனார்தான் வாசித்துக் காட்டவேண்டும். காலையில் செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிப்பார். வாசிப்பதோடு நிறுத்தமாட்டார், மந்திரிக்கு எத்தனை மார்க், எதிர்க்கட்சிக்கு எத்தனை மார்க் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுவார். யாரும் முப்பத்தைந்தைத் தாண்டியதில்லை.

"அவர் வலது கண்ணு எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்துதான், மாப்பிள்ளை" என்று மாமியார் ஒருமுறை சொன்னார். "அது போச்சுன்னா ஆளுக்கு ஒரு மூலையில உட்கார்ந்து சுவரைத் தடவிக்கிட்டு இருக்கவேண்டியதுதான்."

சொட்டு மருந்து முதல் மாதம் ஒழுங்காக நடந்தது. சங்கு ஊதாத குறையாக நடந்தது. ஒன்பது மணிக்குக் கை கழுவி, நாற்காலியில் சாய்ந்து, "மருந்து!" என்று குரல் கொடுப்பார். மாமியார் குளிர்பதனப் பெட்டியிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுப்பார். அவரே விட்டுக்கொள்வார். முதல் சொட்டு கன்னத்தில், இரண்டாவது மூக்கில், மூன்றாவது கண்ணில்.

அந்த மருந்துக்கு ஒரு குணம் உண்டு. சிலருக்குக் கண்ணைச் சிவக்க வைக்கும். இமை மயிரை நீளமாக வளர்க்கும். இரண்டாவது மாதத்தில் கண்ட்ரோலரின் கண்கள் செக்கச் சிவந்து, இமைகள் நாட்டியக்காரி மாதிரி நீண்டிருந்தன. சங்கத்தின் பொதுக்குழுவில் தண்ணீர்த் தொட்டி பற்றி அவர் ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"தலைவர் நேத்து ராத்திரி கொஞ்சம் அதிகமா ஏத்திட்டாரு போல."

இன்னொரு குரல்: "மை வேற போட்டிருக்காரு."

கூட்டம் சிரித்தது. வாழ்நாளில் ஒரு சொட்டு மது அருந்தாத மனிதர் அவர். அன்றோடு கண்ணுக்கும் சொட்டு நின்றது.

ஆனால் அவர் மருத்துவமனையை ஏமாற்றவில்லை. அவர் பாஷையில், தேர்வுக்குத் தயாரானார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. அதற்குச் சரியாக எட்டு நாளைக்கு முன்னால் மருந்தைத் தொடங்குவார். அந்த எட்டு நாளும் வெளியே தலைகாட்டமாட்டார். கேட்டால் "படிப்பு விடுப்பு" என்பார். ஒன்பதாம் நாள் டாக்டர் கண்ணின் அழுத்தத்தைப் பார்த்துவிட்டு "பதிமூணு!" என்று மகிழ்ந்துபோவார். முதலில் இருபத்தெட்டு இருந்தது பதின்மூன்றாகிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகு ஒன்பது மணிக்குப் பாட்டில் வெளியே வரும், ஒரு சொட்டும் குறையாமல் மறுபடி பெட்டிக்குள் போய்விடும். மிச்ச எண்பது நாளும் நரம்பு தன் பாட்டுக்குச் செத்துக்கொண்டிருந்தது.

பார்வைப் பரப்பு சோதனை என்று ஒன்று உண்டு. இருட்டறையில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, நடுவில் இருக்கும் மஞ்சள் புள்ளியை மட்டும் பார்க்கவேண்டும். ஓரங்களில் சின்னச் சின்ன வெளிச்சம் மின்னும். மின்னினால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்கவேண்டும். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். கண்ட்ரோலர் அமுக்கு அமுக்கு என்று அமுக்கினார். வெளிச்சம் வந்தாலும் அமுக்கினார், வராவிட்டாலும் அமுக்கினார். கண் கிண்ணம் முழுக்க வேட்டையாடிக்கொண்டிருந்தது.

இயந்திரத்தை இயக்கிய பெண் பொறுத்துப் பார்த்தாள். "சார், கண்ணு அலையுது. நடுப்புள்ளியை மட்டும் பாருங்க."

"நான் தேர்வுத் துறையில கண்ட்ரோலரா இருந்தவன்மா."

"அப்படியா சார்? அப்ப உங்களுக்கே தெரியுமே. இது பக்கத்து ஆள் பேப்பரை எட்டிப் பாக்கற மாதிரி இருக்கு."

அவள் நீட்டிய தாளில் 'நம்பகம் குறைவு' என்று அச்சாகியிருந்தது. டாக்டர் அதைப் பார்த்தார், பதின்மூன்றைப் பார்த்தார். "வயசானவங்களுக்கு இந்த டெஸ்ட் கொஞ்சம் கஷ்டம்தான். பிரஷர் அருமையா இருக்கு. அடுத்த தடவை திரும்ப எடுத்துக்கலாம்" என்றார். அடுத்த தடவையும் நம்பகம் குறைவு. அடுத்த தடவையும் பதின்மூன்று. இப்படியே இரண்டு வருடம்.

இத்தனைக்கும் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லையா என்று கேட்கலாம். அதில்தான் விசேஷமே. வாசல் காவலாளி தினமும் இடது பக்கம் நின்று சலாம் வைத்தார். கண்ட்ரோலர் திரும்பிப் பார்க்காமல் போனார். நாலாம் மாடி அம்மாள் லிஃப்டில் வணக்கம் சொன்னார். பதிலுக்கு அந்த அம்மாளின் காலை மிதித்துவிட்டு, மன்னிப்பும் கேட்காமல் இறங்கிப் போனார். சங்கப் பொருளாளர் கை நீட்டினார். அந்தக் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. வேறொரு மனிதர் இப்படி நடந்திருந்தால், 'ஐயோ பாவம், கண்ணைக் காட்டுங்க' என்று நாலு பேராவது சொல்லியிருப்பார்கள். இவரைப் பற்றி எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "திமிர் ஏறிப்போச்சு." முப்பது வருடமாக யாரையும் மதிக்காமல் நடந்த மனிதர், இப்போது பார்வை இல்லாமல் நடக்கிறார் என்று எப்படித் தெரியும்? நடை ஒன்றுதானே.

என் மனைவியிடம் சொன்னேன். "உங்க அப்பா நேத்து என் மேல வந்து முட்டினாரு."

"நீங்க வழியில நின்னிருப்பீங்க" என்றாள்.

அவருக்கும் அதுதான் வசதியாக இருந்தது என்று நினைக்கிறேன். குருடர் என்று ஒருவன் இரக்கப்படுவதைவிட, திமிர் பிடித்தவர் என்று நூறு பேர் திட்டுவது அவருக்குக் கௌரவம்.

கண்டுபிடித்தது மாமியார். பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருபது வருடம் வேலை பார்த்தவர். குப்பியைக் கையில் எடுத்தாலே எத்தனை மில்லி இருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஒருநாள் மதியம் நான் அவருடைய ஊசிக்காக அழைத்துப்போக வந்திருந்தேன். மாமனார் சங்க அலுவலகத்தில் யாரையோ விசாரித்துக்கொண்டிருந்தார். மாமியார் பாட்டிலை என் கையில் வைத்தார்.

"குலுக்கிப் பாருங்க மாப்பிள்ளை."

குலுக்கினேன்.

"நிறைய இருக்குல்ல? இது திறந்து ரெண்டு மாசம் ஆச்சு. ஒரு மாசத்துல தீரணும்."

"கம்மியா விட்டுக்கறாரோ என்னவோ அத்தை."

"விட்டுக்கவே இல்ல. மூடியை டக்குன்னு திறந்து, டக்குன்னு மூடுவாரு. எனக்குக் காது நல்லா கேக்கும்னு மறந்துட்டாரு." முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, ஓரத்தால் என்னைப் பார்த்தார். அவர் ஒருவரை உற்றுப் பார்ப்பது அப்படித்தான். "நான் கேட்டா, 'உனக்கே கண்ணு தெரியாது, எனக்கு மேற்பார்வையா'ன்னு கேக்கறாரு. நீங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா அவமானமா போகாது. அந்த ஒரு கண்ணுதான் இருக்கு."

சொல்கிறேன் என்றேன். சொல்லியிருப்பேன். ஆனால் அந்த வாரம்தான் மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. கிளாக்கோமா விழிப்புணர்வு வாரத்தை முன்னிட்டு, இரண்டு ஆண்டுகளாக ஒரு பரிசோதனையைக்கூடத் தவறவிடாமல், கண் அழுத்தத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் முன்மாதிரி நோயாளியாக மாமனாரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பாராட்டு விழா. அவர் உரையாற்றவேண்டும்.

கடிதத்தை அவர் நான்கு முறை வாசித்தார். நான்காவது முறை லிஃப்டில், முன்பின் தெரியாத ஒரு ஆளுக்கு.

"விழா முடியட்டும் அத்தை" என்றேன் மாமியாரிடம். "இப்ப போய்ச் சொன்னா நல்லா இருக்காது."

"நல்லா இருக்காதுதான்" என்றார். பாட்டிலை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, ஊசிக்குப் போக செருப்பை மாட்டினார்.

விழா மருத்துவமனையின் சின்ன அரங்கில் நடந்தது. காத்திருப்புக் கூடத்தில் கண்ட்ரோலரின் முகம் ஆளுயரத்துக்கு அச்சடித்து ஒட்டப்பட்டிருந்தது. அதன் கீழே 'இவரைப் பின்பற்றுங்கள்'. எட்டு நாள் மருந்தின் புண்ணியத்தில் படத்திலும் கண் லேசாகச் சிவந்திருந்தது. பதினொரு பக்க உரை. பெரிய எழுத்தில் நான்தான் தட்டச்சு செய்து கொடுத்தேன்.

"ஒழுக்கம்!" என்று ஆரம்பித்தார். "ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு. ஆனால் ஒரு நாளும் தவறாத சொட்டு! என் மனைவியைக் கேளுங்கள். என் மாப்பிள்ளையைக் கேளுங்கள்!"

கூட்டம் திரும்பி எங்களைப் பார்த்தது. நான் புன்னகைத்தேன். மாமியார் எந்தப் பக்கம் புன்னகைப்பது என்று தெரியாமல் பொதுவாகப் புன்னகைத்தார். முன்வரிசையில் ஒரு பெரியவர் கைப்பையிலிருந்து தன் மருந்துப் பாட்டிலை எடுத்துப் பார்த்துக்கொண்டார். அவருக்கு உண்மையிலேயே உறைத்திருக்கவேண்டும்.

கைதட்டல் ஓய்ந்ததும் மருத்துவமனையின் தலைமை டாக்டர் மேடைக்கு வந்தார். அறுபது வயது அம்மையார், குள்ளம். அவர் இதற்கு முன் மாமனாரைப் பார்த்ததில்லை. இடது கையால் சான்றிதழை முகத்துக்கு நேராக உயர்த்தினார். கண்ட்ரோலர் வாங்கிக்கொண்டார். டாக்டர் வலது கையைக் குலுக்குவதற்காக நீட்டினார். அது கண்ட்ரோலரின் இடுப்பு உயரத்தில் இருந்தது. கண்ட்ரோலர் அந்த அம்மையாரின் நெற்றியைப் பார்த்தபடி நிமிர்ந்து நின்றார். அதே நேரம் இடது பக்கத்திலிருந்து ஒரு நர்ஸ் பூங்கொத்தை நீட்டினாள். அதற்கும் அசையவில்லை. கொத்து முழங்கையில் பட்டதும் துள்ளி விழுந்தார்.

அரங்கு சிரித்தது. எனக்குப் பின்னால் இருந்தவர், "கை குலுக்கக்கூட மாட்டாராம், பெரிய கலெக்டர்" என்றார்.

டாக்டர் அம்மையார் சிரிக்கவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை. அதை மெதுவாக, ஒரு அங்குலம் ஒரு அங்குலமாக மேலே உயர்த்தினார். வயிறு. நெஞ்சு. கழுத்து. தாடைக்கு அருகே வந்ததும்தான் கண்ட்ரோலர் "ஓ!" என்று பிடித்துக் குலுக்கினார். புகைப்படக்காரர் படம் எடுத்தார். மேடையிலேயே சோதனை முடிந்துவிட்டது. அந்த அம்மையாருக்குக் கிண்ணமும் தேவைப்படவில்லை, பொத்தானும் தேவைப்படவில்லை.

அரை மணி நேரம் கழித்து நாங்கள் மூவரும் அவர் அறையில் இருந்தோம். மடியில் சான்றிதழோடு கண்ட்ரோலர் நடுவில். டாக்டர் பழைய தாள்களையெல்லாம் மேசையில் பரப்பியிருந்தார். கருவியில் உட்காரவைத்து நரம்பையும் பார்த்திருந்தார்.

"சார், வலது கண்ணுல நடுவுல ஒரு சின்ன வட்டம்தான் மிச்சம் இருக்கு. ரெண்டு வருஷத்துல நிறைய போயிருக்கு. ஆனா ஒவ்வொரு தடவையும் பிரஷர் பதிமூணு. இது ஒத்துப்போகலையே." பேனாவை மூடி வைத்தார். "ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. மருந்து நடுவுல விட்டுப்போச்சா? இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் விட்டுடறாங்க. எங்க அம்மாவே விட்டாங்க. சொன்னீங்கன்னா கவலையே இல்ல, கண்ணைச் சிவக்க வைக்காத வேற மருந்து தர்றேன், தினமும் போட்டா மிச்சத்தைக் காப்பாத்திடலாம். இல்ல, ஒழுங்கா போட்டும் இப்படி ஆகுதுன்னா ஆபரேஷன்தான் வழி. இவ்வளவு கொஞ்சமா பார்வை இருக்கறப்ப ஆபரேஷன் பண்ணினா, அபூர்வமா, இருக்கறதும் போயிடலாம். அதனாலதான் கேக்கறேன்."

இதைவிடத் தெளிவாக ஒரு கேள்வித்தாள் இருக்க முடியாது. விடையையும் அந்த அம்மாளே எழுதிக் கொடுத்துவிட்டார். வெளியே கூடத்தில் மாமனாரின் ஆளுயரப் படத்துக்குப் பக்கத்தில் நின்று யாரோ படம் எடுத்துக்கொண்டிருந்தது கண்ணாடிக் கதவு வழியாக எனக்குத் தெரிந்தது.

கண்ட்ரோலர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு சொட்டுகூடத் தவறினதில்ல."

"நிச்சயமா?"

"டாக்டர், இப்பதான் முன்னூறு பேர் முன்னால பேசினேன்."

இருந்தது நூற்றுப் பத்து பேர்.

டாக்டர் மாமியார் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. தினமும் போடறாரா?"

மாமியார் கணவரின் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு வேறு பக்கம் திருப்பி, ஓரத்தால் அவரைப் பார்த்தார். கண்ட்ரோலரின் விரல்கள் சான்றிதழின் விளிம்பை நசுக்கிக்கொண்டிருந்தன. நாற்பத்தொரு வருடக் குடித்தனம். அவர் முகத்தில் ஒரு கெஞ்சல் இருந்தது என்று எனக்குத் தெரிந்தது. மாமியாருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் தெரிந்துகொண்டார்.

"நான் எங்க டாக்டர் பார்த்தேன்?" என்றார். "எனக்குத்தான் நடுவுல ஒண்ணும் தெரியாதே."

டாக்டர் என்னைப் பார்த்தார்.

"நாங்க தனி வீட்டுல இருக்கோம், மேடம்" என்றேன்.

அது உண்மைதான். எங்கள் மூவரில் உண்மை மட்டுமே பேசியவன் நான்.

டாக்டர் பேனாவைத் திறந்து ஆபரேஷனுக்கு எழுத ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் ஆபரேஷன். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது கண்ட்ரோலர் சங்க அறிவிப்புப் பலகையில், தலைவர் ஒரு முக்கிய அறுவை சிகிச்சைக்காகச் செல்வதாகவும், அந்த நான்கு நாளும் புகார்களை எழுத்துமூலம் மட்டுமே தரவேண்டும் என்றும் ஒட்டச் சொன்னார். எழுதியது அவர், ஒட்டியது நான். காரில் போகும்போது மாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். "என்னத்துக்கு இப்படி இறுக்கற? எனக்கு ஆபரேஷனா, உனக்கா?" என்று கண்ட்ரோலர் அதட்டினார். மாமியார் கையை விடவில்லை.

மறுநாள் காலை வலது கண்ணின் கட்டைப் பிரித்தார்கள். கட்டிலைச் சுற்றி நாங்கள் மூவர்: மாமியார், என் மனைவி, நான். டாக்டர் அம்மையார் முதலில் அழுத்தத்தைப் பார்த்தார்.

"ஒன்பது" என்றார்.

"ஒன்பதா!" கண்ட்ரோலரின் முகம் மலர்ந்தது. எங்கள் பக்கம் என்று நினைத்துச் சுவர்ப் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? பதிமூணு இருந்தது. ஒன்பது!"

"அப்பா, நான் இந்தப் பக்கம் இருக்கேன்" என்றாள் என் மனைவி.

"தெரியுது, தெரியுது."

டாக்டர் கட்டிலுக்கு அருகே வந்து குனிந்தார். "சார், இப்ப விரல் காட்டுவேன். எத்தனைன்னு எண்ணிச் சொல்லுங்க."

"மூணு" என்றார் கண்ட்ரோலர் உடனே, கணீரென்ற குரலில்.

டாக்டரின் இரண்டு கைகளும் கோட்டுப் பைக்குள் இருந்தன.